இடது எஞ்சினுக்குப் பின்னே

பதினான்கு பேரைச் சுமக்கவிருந்த அந்தப் புதிய இரட்டை எஞ்சின் விமானத்தின் இறக்கையில், காற்று செல்லும் வழியை அறிய, பொறியாளர் அங்கயற்கண்ணி விரல்நீளச் சிவப்புக் கம்பளி நூல்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். பறக்கையில் நூல்கள் பின்னோக்கிப் படிந்தால் இறக்கை பிழைக்கும். இடது எஞ்சினுக்குப் பின்னே அவை முன்பு பறந்த இருமுறையும் சுழன்றுவிட்டன. இன்றும் சுழன்றால், ஆறாண்டுகள் அவள் வரைந்து வளர்த்த இறக்கையைக் கைவிட வேண்டியதுதான். அந்த இடத்திற்கு வந்தபோது நூல் தீர்ந்தது. அணிந்திருந்த சிவப்பு ஸ்வெட்டரின் கையைப் பிரிக்கத் தொடங்கினாள்.

“குளிருமேம்மா,” என்றார் மெக்கானிக் சூசைராஜ்.

“எனக்கா, இறக்கைக்காண்ணே?”

“ரெண்டு பேருக்குந்தான்.”

விமானம் மேகங்களுக்குள் சென்று மாலையில் திரும்பியது. கொட்டகையின் கதவுகள் சாத்தப்பட்டன, எஞ்சின்கள் ஆறின. வானில் எடுத்த படங்கள் வரும்வரை பொறுக்கமாட்டாமல் அவள் ஏணியில் ஏறினாள். எல்லா நூல்களும் துவண்டு கிடந்தன. இடது எஞ்சினுக்குப் பின்னே இருந்தவை மட்டும், சிறு சுழலுமின்றி, நேராகப் பின்னோக்கிப் பறந்துகொண்டிருந்தன.

“காத்தே இல்லியேண்ணே. விமானந்தான் இறங்கிடுச்சே!” என்றாள் தாழ்ந்த குரலில்.

ஏணியைப் பிடித்திருந்த சூசைராஜ் அண்ணாந்து பார்த்தார். “அதுங்ககிட்ட யாரும்மா சொன்னது?”

பாதி பிரிந்த அவளுடைய ஸ்வெட்டர் கையின் நூல்நுனி மெல்ல எழுந்து, அதே திசையில் நீண்டது.