ஏழைச் சேட்டு

"இதென்ன, எல்லாச் சேட்டும் புதுசாய்க் கிடக்கு?" அலுமாரிக்குள் தலையை விட்டபடி கத்தினார் செல்வரத்தினம்.

"நீங்கள் வாங்கினதுதானே," என்றாள் மனைவி சீதேவி குசினிக்குள் இருந்து.

"நேர்முகத்துக்குப் போறன். பழசு ஒண்டு எடுத்துத் தாரும்."

"நேர்முகத்துக்கு ஆரும் பழசு போடுவினமோ?"

"வேலைக்கில்லையப்பா. இது ஏழைப் பிள்ளையளுக்குக் குடுக்கிற புலமைப்பரிசில்."

யாழ்ப்பாணத்துத் தனியார் கல்லூரி ஒன்று, பக்கத்துத் தீவுகளான தீவகத்தில் வசதியில்லாத ஒரு பிள்ளைக்குத் தாதியர் படிப்பை முழுக்க இலவசமாகத் தருவதாக அறிவித்திருந்தது. ஒரேயொரு இடம். அதை மகள் கஜாலினிக்குப் பிடித்துவிடுவதென்று செல்வரத்தினம் முடிவு கட்டிவிட்டார். குருநாகலில் முப்பது வருடம் கடை நடத்திய மனிசன். இலவசம் என்ற சொல் காதில் விழுந்தால் நித்திரை கொள்ளமாட்டார்.

அவர் ஏழையில்லை என்று எவராலும் நிரூபிக்கவும் ஏலாது. கடை மூத்த மகன் பெயரில். புளியங்கூடல் மாடிவீடு சீதேவி பெயரில். வாகனம் மைத்துனன் பெயரில். கடுதாசியில் பார்த்தால் தீவகத்திலேயே அவரைப் போல ஒரு பரதேசி கிடையாது.

கடைசியில் வாகனம் துடைக்கிற சேட்டு ஒன்று அகப்பட்டது. கழுத்துப் பட்டியில் கிழிசல், முதுகில் கிறீஸ் கறை. கண்ணாடியில் பார்த்தார். பரம திருப்தி.

"காதுத் தோட்டைக் கழட்டு," என்றார் மகளிடம்.

"அப்பா, எனக்கு வெட்கமாயிருக்கு. காசு கட்டியே படிக்கலாம்தானே?"

"கட்டலாம். ஆனால் ஏன் கட்டுவான்?"

நேர்முகம் ஊர்காவற்றுறையில், ஒரு மண்டபத்தில். வாகனத்தைச் சந்தியிலேயே விட்டுவிட்டு, இருவரும் வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தார்கள். வெளியில் உட்காரப் போட்டிருந்த வாங்கில் ஏற்கனவே ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். நாரந்தனையிலிருந்து வந்த லியோன், அவருடைய மகள் பிரேமினி. லியோனின் வெள்ளைச் சேட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. பிள்ளையின் சட்டையும் நத்தார்ப் பண்டிகைக்குத் தைத்தது போல.

செல்வரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. ஏழையாக வரத் தெரியாத மனிசன்! இவனெல்லாம் ஒரு போட்டியா?

"என்ன தம்பி, கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி வந்திருக்கிறீர்?"

"பிள்ளையின்ரை படிப்பு விசயமெல்லோ அண்ணை. பூசைக்குப் போடுற சேட்டைத்தான் போட்டுக்கொண்டு வந்தனான்."

உள்ளே இன்னும் கூப்பிடவில்லை. ஒத்திகை பார்க்க நல்ல சந்தர்ப்பம். செல்வரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"எங்கடை நிலைமை ஆருக்கும் வரப்படாது தம்பி. கடை அழிஞ்சு போச்சுது. பெடியள் வெளிநாட்டிலை, ஒரு சதம் அனுப்புறேல்லை. ஒரு நேரம் சாப்பிட்டால் மற்ற நேரம் இல்லை. எனக்கெண்டு இருக்கிறது இந்தச் சேட்டு ஒண்டுதான்."

கஜாலினி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேமினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லியோன் எழும்பிப் போய், பிளேன்ரீயும் வடையும் வாங்கிவந்து செல்வரத்தினத்திடமும் கஜாலினியிடமும் நீட்டினார்.

"சாப்பிடுங்கோ அண்ணை. நீயும் சாப்பிடு பிள்ளை. வெட்கப்படாதையுங்கோ."

செல்வரத்தினம் வெட்கப்படவில்லை. தன் வடையைச் சாப்பிட்டார். மகள் தொடாமல் வைத்திருந்ததையும் வாங்கிச் சாப்பிட்டார். நடிப்பு எடுபடுகிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

முதலில் லியோனையும் பிரேமினியையும் கூப்பிட்டார்கள். போன வேகத்திலேயே வெளியில் வந்துவிட்டார்கள்.

"போட்டு வாறம் அண்ணை," லியோன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ."

இருவரும் பஸ் தரிப்பிடத்துப் பக்கம் நடந்தார்கள்.

"வெள்ளைச் சேட்டைக் கண்டவுடனை கலைச்சுப் போட்டினம்," என்று மகளின் காதுக்குள் சொன்னார் செல்வரத்தினம். "உதுக்குத்தான் சொன்னனான், தோட்டைக் கழட்டெண்டு."

உள்ளே கல்லூரிப் பணிப்பாளர் பிரியவதனி இவர்களை இருக்கச் சொன்னார். செல்வரத்தினம் இருந்ததும் இருக்காததுமாகக் கண்ணைத் துடைக்கத் தொடங்கினார்.

"அழாதையுங்கோ ஐயா. அந்த இடம் உங்கடை மகளுக்குத்தான்."

அவரால் நம்ப முடியவில்லை. அழுகையின் நல்ல பகுதி இன்னும் வரவேயில்லை.

"மிஸ்... நாங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே?"

"இப்ப வந்துபோன பிள்ளைக்குத்தான் குடுக்கிறதெண்டு இருந்தனாங்கள். நல்ல கெட்டிக்காரி. தகப்பனுக்குச் சொந்தமாய் ஒரு வள்ளம்கூட இல்லை, கூலிக்குக் கடலுக்குப் போறவர். ஆனால் அந்தப் பிள்ளைதான் வேண்டாமெண்டிட்டா. 'எங்களுக்கு மீனாவது கிடைக்குது மிஸ். வெளியிலை இருக்கிற ஐயா வீட்டிலை சாப்பாடே இல்லையாம். அவையின்ரை பிள்ளைக்குக் குடுங்கோ, நான் அடுத்த வருசம் பாக்கிறன்' எண்டா. தகப்பனும் ஓமெண்டு தலையாட்டினார்."

செல்வரத்தினம் கண்ணைத் துடைத்த கையைக் கீழே இறக்கினார்.

கஜாலினி கதிரையை விட்டு எழுந்தாள்.

"அப்பா, உண்மையை நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"