தண்ணீர் குடித்த வரிசை

தண்ணீர் காட்டாமல் வாடவிட வேண்டிய நிலக்கடலை வரிசைக்கு, மனசு கேட்காமல் குடம் குடமாக ஊற்றிவிட்டு நிற்கிறான் அஜிதன். புது ரகம் வறட்சியைத் தாங்குமா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனையே; ஆராய்ச்சியாளனுக்கோ அதற்குள் இரக்கம் பொங்கிவிட்டது. கீழ்பென்னாத்தூர் வெயில் சாய்கிறது. காலையில் துவண்டு கிடந்த இலைகள் இப்போது கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி விறைப்பாக நிற்கின்றன. "வுடுங்க சார், வாயில்லாத செடி, பாவம்தானே" என்று நிலத்துக்காரர் திருமலை சிரிக்கிறார். செய்த தப்பை அவனே போனில் சொன்னதும் கத்தாமல் பஸ் பிடித்து வந்த தலைமை விஞ்ஞானி சுதர்சனா, குனிந்து மண்ணைக் கிளறுகிறார். விரலெல்லாம் ஈரம். அந்த முதுகுக்கே அஜிதன் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறான். "கொஞ்சம்தான் மேடம் ஊத்தினேன். சமாளிச்சிடலாமா?" சுதர்சனா மண்ணை முகர்ந்து பார்க்கிறார். "வேலைய வுட்டுத் தூக்கிடுவீங்களா மேடம்?" ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கிறார். "எதுனா சொல்லுங்க மேடம்." அவர் நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொள்கிறார். "இந்த வருஷச் சோதனை போச்சு அஜிதன். நீங்க மறைச்சிருந்தா, இது வறட்சி தாங்கும்னு நம்பி ஊரே விதைச்சிருக்கும். சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ். அடுத்த பட்டத்துல விதைக்கிற சோதனையையும் நீங்கதான் பாத்துக்கறீங்க."