அணில் சேர்ந்த கராத்தே வகுப்பு

தினமும் கொய்யாப்பழத்தைப் பறித்துப்போகும் காக்கையை மடக்குவதற்காக ஓர் அணில் கராத்தே படிக்கக் கிளம்பியது. தட்சிணைக்குக் கையில் ஒரு கொய்யாப்பழம்.

மரத்தடியில் மூன்று மாஸ்டர்கள் இருந்தார்கள்.

"உயிர் பிழைக்க வந்ததுதான் கராத்தே. கடி, ஓடு. ஆதியில் அப்படித்தான்" என்றது உடும்பு.

"வெட்கமாக இல்லை? வணக்கம், ஒழுங்கு, அடக்கம், இதுதானே மரபு" என்றது கொக்கு.

"அட போங்க சார், பாயிண்ட் எடுக்காமல் என்ன கராத்தே? இப்போது எல்லாம் போட்டிதான்" என்று கொண்டையை ஆட்டியது சேவல்.

"யாராவது ஒருத்தர் ஆரம்பிங்களேன்" என்று அணில் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை. எது அசல் என்று மூன்றும் கத்திக்கொண்டிருக்க, காக்கை வந்து பழத்தைக் கவ்வியது.

அணிலுக்கு வந்ததே கோபம். காக்கையின் காலை நறுக்கென்று கடித்தது. பழம் விழுந்தது. மறுபடி பாயப் போன அணில், காக்கை நொண்டுவதைப் பார்த்து நின்றுவிட்டது.

"கடித்ததே, அது என் பாடம்" என்றது உடும்பு.

"விட்டதே, அது என்னுடையது" என்றது கொக்கு.

"பாயிண்ட் விழுந்ததே, அதைச் சொல்லுங்கள்" என்றது சேவல்.

காக்கை மெல்லக் கேட்டது: "ஏய், நீ யாரிடம் படித்தாய்? நானும் சேரணும்."

"அதைத்தான் அவங்க இன்னும் முடிவு பண்ணலை" என்று அணில் பழத்தில் பாதியை நீட்டியது. "உட்காரு, சாப்பிட்டுக்கிட்டே வேடிக்கை பார்ப்போம்."