குழாய் பிடிப்பவன்

கண்டி வாவியில் மாலை வெயில் மினுங்குகிறது. கரையில் நிற்கும் தீயணைப்பு வண்டி வாவித் தண்ணீரை உறிஞ்சி இரைகிறது. தீயணைப்பு வேலைக்குப் பயிற்சி எடுக்க வந்த ஆறு பேரில் இப்போது சந்தனத்தின் முறை. எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்து இரண்டு வருடமாகக் கறுத்து நிற்கும் கடைச் சுவரில் அவன் தண்ணீர் அடிக்கிறான். கரி கரைந்து வழிகிறது. மாலை வகுப்புக்குப் புறப்பட்ட மருதை மர நிழலில் நின்று பார்க்கிறான். வத்தேகமத் தேயிலைத் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே லயத்து வரிசையில் வீடு. சிறுவயதில், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ரப்பர் குழாயோடு நெருப்பணைக்கும் விளையாட்டைத் தொடங்கியதே மருதைதான். ஆனால் சந்தனத்தின் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார். மருதையின் அப்பாவோ, தன் அண்ணன் போகிறாரே என்று இந்தியப் பிரஜாவுரிமைக்குக் கையெழுத்து வைத்தார். அண்ணன் போய்விட்டார், இவர்கள் இன்னும் போகவில்லை. இலங்கைப் பிரஜை அல்லாதவனுக்குத் தீயணைப்பு போன்ற அரசாங்க வேலை கிடையாது. திடீரெனக் குழாய் துள்ளிச் சந்தனத்தைச் சேற்றில் தள்ளுகிறது. மருதையின் நெஞ்சு குளிர்கிறது. எழுந்த சந்தனம் அவனைக் கண்டு ஓடி வருகிறான்.

“டேய் மருத, நீதானே நெருப்பணைக்கிற பொஸ்தகமெல்லாம் தேடிப் படிச்ச. இத எப்புடிடா புடிக்கிறது? இன்னொரு தடவ விழுந்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

குழாயை விலாவோடு இறுக்கி, முன்காலில் பாரத்தைப் போட வேண்டும். மருதைக்கு அது மனப்பாடம்.

“எனக்கு என்னா தெரியும்? நான் இந்தியாக்காரன்.”

சந்தனத்தின் சிரிப்பு அடங்குகிறது. பயிற்சியாளரின் விசில் ஒலிக்கிறது. அவன் திரும்பிப் போய்க் குழாயை எடுக்கிறான். பாரம் முழுவதும் பின்காலில் இருக்கிறது. மருதை அந்தப் பின்காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.