அத்தை வெட்டிய ஒன்பது மாதம்

அன்று அந்தப் பேச்சில் இருந்தவர்கள் நான்கு பேர். குழந்தையையும் பன்றிகளையும் சேர்க்கவில்லை.

பாயில் அத்தை அனசேய்னி. எதிரே மடிக்கணினியுடன் தோமாசி. ஜன்னலுக்கு வெளியே, சீமைப்பலா மரத்தடியில் அப்பா மனாசே. அத்தை அவருடைய அக்கா; அக்கா இருக்கும் அறைக்குள் தம்பி வந்து உட்காருவது தோங்காத் தீவில் வழக்கமில்லை. நான்காவது ஆள், தோமாசியின் அக்கா லுசியானே. சிட்னியிலிருந்து கைப்பேசித் திரையில் இருந்தாள், மடியில் குழந்தையோடு.

"அப்பா சிட்னியில எத்தனை மாசம் தங்கப் போறார்னு விசாவுக்குக் கேக்குது. மூணா, ஆறா, பன்னிரண்டா?" என்றான் தோமாசி.

"பன்னிரண்டு போடுடா. அப்பாவுக்குத் தனி அறையே ஒழிச்சு வச்சிருக்கேன். பேத்தி நடக்கிறதைப் பாத்துட்டு வரட்டும்," என்றாள் லுசியானே.

வெளியே அப்பா சிரிப்பது கேட்டது. அடுத்து இருமுவதும்.

"மூணு," என்றாள் அத்தை.

"அத்தை, செலவெல்லாம் நான்தானே..." என்று இழுத்தாள் லுசியானே.

"மூணுதான். வள்ளிக்கிழங்கு நடவுக்கு அவன் இங்க இருக்கணும். எனக்கு வேற யார் இருக்கா?"

தோமாசி திரைப்பக்கம் குனிந்து முணுமுணுத்தான். "கிழங்கு நடணும், பன்றிக்குத் தேங்காய் உடைக்கணும். சம்பளமில்லாத ஆளை ஒரு வருஷத்துக்கு விட மனசு வருமா?"

"எனக்குக் காது நல்லாவே கேக்குது, தோமாசி. மூணைப் போடு."

அப்பாவின் அக்கா சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கல்யாணமோ, சாவோ, அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்!" என்று கத்தினாள் லுசியானே.

"அக்கா சொன்னா சரிம்மா." குரல் மட்டும் ஜன்னல் வழியே வந்தது.

திரையை அணைத்துவிட்டு லுசியானே அழுதாள். அழுது முடித்துக் கணக்குப் போட்டாள். கிடைக்கிற மூன்று மாதத்தையாவது வீணாக்கக் கூடாது. முதல் இரண்டு மாதம் வழக்கம்போல வேலைக்குப் போவது. சேர்த்து வைத்த இருபது நாள் லீவையும் கடைசி மாதத்தில் மொத்தமாகப் போட்டு, அப்பாவை விட்டு நகராமல் இருப்பது.

அப்பா வந்தார். லுசியானே முதியோர் இல்லத்தில் ஊரார் அப்பாக்களுக்குச் சோறு ஊட்டப் போனாள். வீட்டில் அவர் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பாட்டுப் பாடினார்.

ஒரு காலையில், "இன்னிக்கு ஒரு நாள் வீட்டுல இரேன்மா," என்றார்.

"பொறுங்கப்பா. மொத்தமா போடறேன். அப்புறம் பாருங்க, போதும் போடின்னு நீங்களே விரட்டுவீங்க."

ஐந்தாவது வாரம், குழந்தை விடாமல் அழுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். லுசியானே ஓடி வந்தபோது அப்பா நாற்காலியில் சாய்ந்தபடியே போயிருந்தார். பேத்தியின் காலுறை ஒன்று அவர் கைக்குள் இருந்தது.

உடல் ஊருக்கு வந்தது. தலைமாட்டில் அத்தை உட்கார்ந்தாள். அது அவளுடைய இடம். தகப்பன் செத்தால் மகளின் முடியை அத்தைதான் வெட்ட வேண்டும்.

துக்க வழக்கப்படி இடுப்பில் கிழிசல் பாயைச் சுற்றிக்கொண்டு லுசியானே அவள் முன்னால் குனிந்தாள்.

"வெட்டுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே? எங்கப்பாவோட ஒன்பது மாசத்தையே வெட்டினவங்க நீங்க."

கத்தரிக்கோல் நின்றது. அத்தை தம்பியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தம்பி உடம்பைப் பத்தி அக்கா வாய் திறக்கக் கூடாது. அவன் காதுபடப் பேசவே கூடாது. இனிமே அவனுக்குக் கேக்காது, சொல்றேன்," என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நெஞ்சுல கட்டி. குடும்பத்துக்குப் பெரியவள்னு டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மருந்து இல்லைன்னுட்டார். ஒரு வருஷ விசான்னா நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக் கொடுக்கணுமாம். அதைப் பாத்துட்டு யாரு விசா குடுப்பா? மூணு மாசத்துக்கு அதெல்லாம் கேக்கல."

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே, அத்தை..."

"சொன்னா நீ அழுவே. உன் முகத்தைப் பாத்தே அவன் தெரிஞ்சுக்குவான். இருக்கிறவரைக்கும் பேத்தியோட சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்னு விட்டேன். கிழங்காவது, மண்ணாங்கட்டியாவது!"

முடி கொத்தாகப் பாயில் விழுந்தது. அத்தை அதைப் பொறுக்கித் தம்பியின் காலடியில் வைத்தாள்.

"அழாதே. அஞ்சு வாரமும் நீ அவன் பக்கத்துலயே இருந்திருப்பே. எனக்கு அது போதும்."



லுசியானேயின் லீவில் இன்னும் இருபது நாள் மிச்சம் இருந்தது.