அழுகைக்கு ஆள் வைத்தவர்

மருந்துக்கடைக்காரருக்கு அன்றுதான் முதல் ஏலம். கடன் கட்டாததால் வங்கி எடுத்துக்கொண்ட வீடுகளை மலிவாக வாங்கி விற்பது எப்படி என்று மாதக்கணக்கில் செல்போனில் வீடியோ பார்த்ததில் கண்ணும் கெட்டது, மனைவியிடம் இருந்த நல்ல பெயரும் கெட்டது. அவளுடைய வளையல்களை அடகு வைத்துத்தான் முன்பணம் கட்டியிருந்தார். இந்த வீடு கைக்கு வராவிட்டால் சொந்த வீட்டுக்குள் நுழைய முடியாது.

போட்டிக்கு வந்தவர்களோ பெரிய கைகள். வாசலில் நின்ற கார்களே அதைச் சொல்லின.

ஆனால் அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. மைத்துனனுக்குத் தெரிந்த நாடக நடிகை ஒருத்தி, வீட்டைப் பறிகொடுத்தவளாக வந்து அழுது சபிக்க வேண்டும். எல்லாவற்றையும் மைத்துனனே போனில் பேசி முடித்துவிட்டான். அவளை இவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

"ஏலத்தைக் குலைக்கப் பார்த்தா போலீஸ்ல சொல்லிடுவோம்," என்று எச்சரித்துவிட்டு வங்கி அதிகாரி கதவைத் திறந்தார். எல்லோரும் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள்.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். தலைவிரி கோலம்.

"பாவிகளா! யார் வீட்டை யாருடா விலை பேசுறது? பின்பக்கக் குழாயைத் தலையில ஒரு தட்டு தட்டினாதான் தண்ணி வரும்னு உங்கள்ல எவனுக்காவது தெரியுமா? இதை வாங்குறவன் ஒரு ராத்திரிகூட நிம்மதியா தூங்க மாட்டான்!"

மருந்துக்கடைக்காரர் சொக்கிப் போனார். மெதுவாகப் பக்கத்தில் போய், "பிரமாதம்மா! இன்னும் கொஞ்சம் சத்தமா," என்று கிசுகிசுத்துக் கண்ணடித்தார்.

அவள் அவரையே வெறித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, மண்ணை வாரி அவர் தலையிலேயே போட்டாள்.

"விரிசலைப் பூசிடலாம்யா. வயித்தெரிச்சலை எதை வச்சுப் பூசுறது?" என்று ஒரு பில்டர் காரைக் கிளப்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவளும் அழுதபடியே போய்விட்டாள்.

ஏலம் கேட்க ஒரே ஒருவர்தான் மிச்சம். ஆரம்ப விலைக்கே வீடு முடிந்தது.

"இனிமே பின்வாங்கினா முன்பணம் திரும்பி வராது சார்," என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார் அதிகாரி.

"பின்வாங்குறதா? நானா?" என்று சிரித்த மருந்துக்கடைக்காரர், மனைவிக்குப் போன் போட்டார். "வளையல் என்னடி வளையல், வைரத் தோடே வாங்கித் தர்றேன்!"

தலையைக் கழுவப் பின்பக்கம் போனார். குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. ஒரு தட்டு தட்டினார். தண்ணீர் கொட்டியது.

'அடேயப்பா! முன்னாடியே வந்து வீட்டைச் சுத்திப் பார்த்திருக்கா. என்ன தொழில் பக்தி!' பேசிய கூலிக்கு மேலேயே போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அதற்குள் மைத்துனனே போனில் வந்துவிட்டான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அந்த நடிகைக்குக் காலையிலேர்ந்து தொண்டை கட்டிக்கிச்சாம். வீட்டை விட்டே கிளம்பலையாம்!"