நம்பிக்கை எண்

“நம்பிக்கை இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“இல்ல! இல்லவே இல்ல! மூணு மெஷின்ல ரெண்டு தூங்குது. நீ வேற வந்து வயித்தெரிச்சலைக் கிளப்பாதம்மா!”

தையல் கடைக்காரர் கத்திரிக்கோலை மேஜைமேல் ஓங்கி வைத்தார். கணக்கெடுப்புக்காரி ‘மோசம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வெளியே வந்தாள். காலையிலிருந்து இது ஒன்பதாவது ‘மோசம்’.

வியாபாரிகளிடம் ‘வரும் மூன்று மாதம் எப்படி இருக்கும்?’ என்று கேட்டு, பதில்களைக் கூட்டிக் கழித்து, நாட்டின் பொருளாதாரம் போகும் போக்கை மாதாமாதம் ஓர் எண்ணாகச் சொல்வது அவள் ஆபீஸின் வேலை. அந்தப் பாழாய்ப்போன எண் நாலு மாதமாக இறங்குமுகம்.

காலையில்தான் மேனேஜர் எரிந்து விழுந்திருந்தார். “நல்லா ஓடுற கடை ஒண்ணுகூடவா உன் கண்ணுல படல? இந்த மாசமும் இறங்கிச்சுன்னா, நமக்குப் பணம் குடுக்கிற வியாபாரிகள் சங்கம் நம்ம ஆபீஸையே மூடிடும். உன் வேலை போனா அதுக்கு நீதான் காரணம்!”

அவளா காரணம்? நாயாய் அலைந்து கால் வீங்கியதுதான் மிச்சம். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு வாய் கிழியப் பேசுகிறார் மனுஷன். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

கடைசியாகத் தெருமுனை போர்டு கடை. பெயின்டர் தலைநிமிர நேரமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்த போர்டுகள் சுவரோரம் முதுகைக் காட்டி நின்றன. இருபது இருக்கும், எல்லாம் ஒரே அளவு.

“வியாபாரம் எப்படிண்ணே?”

“அமோகமா போகுதும்மா! புதுசா ரெண்டு ஆள் சேர்த்திருக்கேன்.”

“அடுத்த மூணு மாசம்?”

“இதைவிட நல்லா இருக்கும். தைரியமா எழுதிக்கோங்க!”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா, ஒரு ‘மிக நன்று’! கொண்டுபோய் மேனேஜர் மூஞ்சியில் விட்டெறியவேண்டும்.

“இவ்வளவு போர்டு யாருக்குண்ணே?”

ஒன்றைத் திருப்பிக் காட்டினார். ‘இவ்விடம் வாடகைக்கு.’ அடுத்ததும் அதுதான். அதற்கடுத்ததும் அதேதான்.

“அடக் கடவுளே! இதுக்கா நான் ‘மிக நன்று’ போட்டேன்?” என்று கத்தியேவிட்டாள்.

பெயின்டர் அப்போதுதான் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படித்தார்.

“அட, நீங்க அந்த ஆபீஸா? உங்க மேனேஜர் போன வாரமே சொல்லிட்டுப் போன போர்டு ரெடியா இருக்கும்மா, கையோட எடுத்துட்டுப் போயிடுறீங்களா?”